வீட்டில் கேக் சுட்டு விற்கப் போகிறீர்களா? சட்டம் என்ன கேட்கிறது என்று முதலில் பாருங்கள்

கேக் நன்றாக வருகிறது, தெரிந்தவர்கள் நாலு பேர் கேட்கிறார்கள், கிலோ இவ்வளவு என்று விலையும் சொல்லியாகிவிட்டது. இந்தக் கட்டத்தில்தான் பலரும் "வீட்டுல சும்மா செய்யறதுதானே, இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும். உணவைத் தயாரித்துக் கொடுப்பது லாபத்துக்காகவா இல்லையா, கடையிலா வீட்டிலா என்றெல்லாம் 2006ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு முதல் கேக்கைக் கொடுக்கும்போதே நீங்கள் உணவுத் தொழில் செய்பவர்தான். அதற்காகப் பயப்பட ஒன்றும் இல்லை. சின்ன அளவில் செய்பவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் வாசல் ரொம்ப எளிமையானது, செலவும் குறைவு. தமிழ்நாட்டில் இருந்து செய்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உணவுச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால் மற்ற மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு, அதாவது இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையத்தின் பதிவு. இதில் பதிவு, மாநில உரிமம், மத்திய உரிமம் என்று மூன்று படிகள் உண்டு. 2011இல் வந்த உரிம ஒழுங்குமுறை வகுத்த கணக்குப்படி ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் தயாரிக்கும் வசதியும் இல்லாவிட்டால், பதிவு மட்டும் போதும். விற்பனை என்றுதான் சொல்கிறேன், லாபம் இல்லை. மாதம் ஒரு லட்சத்துக்கு ஆர்டர் எடுத்து அதில் எழுபதாயிரம் மைதா, வெண்ணெய், சாக்லேட்டுக்கே போய்விட்டாலும் கணக்கில் வருவது அந்த ஒரு லட்சம்தான். பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று அதே ஒழுங்குமுறை வைத்தது. தொகையையும் வரம்பையும் அவ்வப்போது திருத்துவார்கள், அதனால் பணம் கட்டும் அன்று அரசுத் தளம் காட்டும் எண்ணைப் பார்த்துக் கட்டுங்கள்.

விண்ணப்பிக்க எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. 2020இல் தொடங்கிய ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். உங்கள் புகைப்படம், ஆதார் மாதிரி ஒரு அடையாளச் சான்று, சமைக்கும் இடத்தின் முகவரி, எந்த வகை உணவு என்ற விவரம், இவ்வளவுதான். உணவு வகையில் பேக்கரிப் பொருட்களைத் தேர்ந்தெடுங்கள். கேக்கோடு மிட்டாய், ஜாம் மாதிரி வேறு ஏதாவதும் விற்பதாக இருந்தால் அவற்றையும் அப்போதே சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் பதிவு எந்தப் பொருளுக்கு வாங்கினீர்களோ அதற்குத்தான். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும், அவர்கள் நூறு ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். முகவரியின் கடைசியில் அரசுத் தளங்களுக்கு உரிய ஜிஓவி டாட் இன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே விவரங்களைக் கொடுங்கள். ஏஜென்ட் வைத்துச் செய்வது தவறில்லை, ஆனால் அந்தப் பணத்துக்கு நல்ல தராசு ஒன்று வாங்கிவிடலாம்.

விண்ணப்பம் போனதும் 7 நாளுக்குள் பதிவு கொடுக்க வேண்டும், அல்லது காரணம் எழுதி நிராகரிக்க வேண்டும், அல்லது வந்து பார்க்கப் போகிறோம் என்று தெரிவிக்க வேண்டும். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். இந்தக் கெடுவுக்குள் எந்தப் பதிலும் வராவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்றே ஒழுங்குமுறையில் இருக்கிறது. கடைசியில் உங்கள் கைக்கு வருவது 14 இலக்க எண் உள்ள சான்றிதழ். பதிவு எண்கள் 2 என்ற இலக்கத்தில் தொடங்கும், அடுத்த இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு அது 24. ஆக, உங்கள் எண் 224 என்று ஆரம்பித்தால் சரியாக வந்திருக்கிறது. யாரிடமாவது மொத்தமாக பேஸ் கேக்கோ குக்கீஸோ வாங்கும்போது அவர்களுடைய எண்ணையும் ஃபாஸ்காஸில் போட்டு, நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சான்றிதழ் ஆளுக்கு மட்டும் இல்லை, இடத்துக்கும் சேர்த்துத்தான். வாடகை வீடு மாறினால் புது முகவரிக்குப் பதிவு இருக்க வேண்டும். சமைக்கும் இடத்தில் கண்ணில் படும்படி மாட்டி வையுங்கள். பில் கொடுக்கிறீர்கள் என்றால் 2022 ஜனவரி 1 முதல் அந்த 14 இலக்க எண் பில்லிலும் இருக்க வேண்டும் என்பது கட்டாயம். வாட்ஸ்அப்பில் பில் அனுப்புபவர்கள் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

சரி, பதிவு கிடைத்துவிட்டது. பலர் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நிஜமான வேலை லேபிளில்தான் இருக்கிறது. அந்தச் சீட்டை நம்பித்தான் ஒருவர் தன் குழந்தைக்குக் கேக்கை ஊட்டுகிறார்.

டூட்டி ஃப்ரூட்டி கேக்கை முன்கூட்டியே துண்டு போட்டு, பாக்கெட்டில் அடைத்து, பக்கத்துக் கடையில் வைத்து விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறையும் எடையளவுச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகளும் சேர்ந்து அந்தப் பாக்கெட்டில் கேட்பவை இவை: பொருளின் பெயர், சேர்மானங்கள், சத்து விவரம், சைவ அல்லது அசைவக் குறி, ஒவ்வாமை எச்சரிக்கை, நிகர எடை, தயாரித்த தேதி, காலாவதி தேதி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), அதிகபட்ச சில்லறை விலை, உங்கள் பெயரும் முழு முகவரியும், புகார் சொல்ல ஒரு தொடர்பு எண், எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் பதிவு எண்ணும். மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாத குட்டிப் பாக்கெட்டுகளுக்குச் சில விவரங்களில் விலக்கு உண்டு, ஆனால் அவற்றை அடுக்கித் தரும் பெரிய பெட்டியில் அந்த விவரங்கள் இருக்க வேண்டும். இந்த விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரியில் எழுதிய இந்தியில் இருந்தாக வேண்டும், கூடவே தமிழிலும் போடலாம். தமிழில் மட்டும் அச்சடித்தால் விதிப்படி போதாது. அதற்காகத் தமிழை விட்டுவிடாதீர்கள், உங்கள் தெருவில் வாங்குபவர்கள் படிக்கப் போவது அதைத்தான்.

சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு இறங்குவரிசையில் எழுத வேண்டும். மைதா, சர்க்கரை, முட்டை, வெண்ணெய் என்று உங்கள் செய்முறையில் எது எத்தனை கிராமோ அந்த வரிசை. டூட்டி ஃப்ரூட்டி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாது. அது கேக்கில் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்குள் இருக்கும் பப்பாளி, சர்க்கரை, நிறமி எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் பிரித்துக் காட்ட வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் அதில் உள்ள நிறமி போன்ற சேர்க்கைப் பொருட்களை விட்டுவிடக் கூடாது. நீங்கள் வாங்கும் டூட்டி ஃப்ரூட்டி பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே இதெல்லாம் அச்சாகியிருக்கும், அதனால் மூலப்பொருள் பாக்கெட்டுகளைத் தூக்கிப்போடாமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் சில்லறையாக உதிரியாக நிறுத்துத் தரும் நிறமியையும் எசன்ஸையும் வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாதபோது லேபிளில் எதை எழுதுவீர்கள்?

ஒவ்வாமை வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற பருப்புகள், சோயா ஆகியவற்றில் எது சேர்ந்திருந்தாலும் தனியாகக் குறிப்பிட வேண்டும். கேக்கில் நிலக்கடலையே இல்லாவிட்டாலும் அதே மிக்சியில் காலையில் கடலை அரைத்திருந்தால், கலந்திருக்க வாய்ப்புண்டு என்று எழுதுங்கள். வீட்டுச் சமையலறையில் ஒரே மிக்சி, ஒரே கரண்டி, ஒரே மேடை என்பதால் பெரிய தொழிற்சாலையைவிட நமக்குத்தான் இந்த வரி அதிகம் தேவை. கடலை ஒவ்வாமை கடுமையாக உள்ள குழந்தைக்கு மூச்சுத் திணற ஒரு துளி போதும்.

அடுத்து அந்தப் பச்சைப் புள்ளி. "அக்கா, இது முட்டை இல்லாத கேக்தானே?" என்று கேட்டு வாங்குபவர்கள் நம் ஊரில் நிறைய. சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முட்டை சேர்ந்தால் சட்டப்படி அசைவம்தான், பழுப்பு முக்கோணம் போட்டே ஆக வேண்டும். முட்டையைத் தவிர வேறு அசைவம் இல்லை என்றால் குறியோடு சேர்த்து அதையும் எழுதிக்கொள்ளலாம். பால், தேன் இரண்டும் சைவக் கணக்கில் வரும். மாட்டிக்கொள்ளும் இடம் எதுவென்றால் ஜெலட்டின். கேக்கில் முட்டையே இல்லை, ஆனால் மேலே மார்ஷ்மெல்லோ உருக்கிச் செய்த ஃபாண்டன்ட் என்ற சர்க்கரைப் போர்வையைப் போர்த்தியிருக்கிறீர்கள், அல்லது நடுவில் மூஸ் அடுக்கு இருக்கிறது. அதில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருந்தால் பச்சைப் புள்ளி போட முடியாது. சிவப்பு நிறத்துக்குப் போடும் கார்மைன் என்ற நிறமியும் பூச்சியிலிருந்து எடுப்பது, அதுவும் அசைவம். முட்டையில்லா கேக் என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, சுத்த சைவமாக இருப்பவர் வீட்டு விசேஷத்துக்கு இதை அனுப்பினால் அது நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம்.

எடையில் பல பேர் கவனிக்காத ஒன்று. அரை கிலோ கேக் என்றால் கேக் மட்டும் அரை கிலோ. அடியில் வைக்கும் கெட்டி அட்டை, டப்பா, மேலே குத்தும் பொம்மை எதுவும் அதில் சேராது. தராசில் முதலில் அட்டையை வைத்துச் சைபர் ஆக்கிவிட்டு அப்புறம் கேக்கை வையுங்கள். எடை போட்டு விற்பதற்குப் பயன்படுத்தும் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும், மாவு அளக்க ஆன்லைனில் வாங்கிய சமையலறைத் தராசு விற்பனைக்குச் செல்லாது. பாக்கெட் போட்டு விற்பவர்கள் தொடங்கி 90 நாளுக்குள் பொட்டலமிடுபவர் என்று எடையளவுப் பிரிவில் தனியாகப் பதிய வேண்டும், அதற்கு விதியில் உள்ள கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இந்தப் பிரிவு தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது.

பிறந்தநாளுக்கு ஆர்டர் எடுத்து ஒருவருக்கென்றே செய்துகொடுக்கும் கேக்குக்கு முழு லேபிள் ஒட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். முன்கூட்டியே அடைத்து அலமாரியில் வைக்கும் பொருளுக்குத்தான் இத்தனை விவரமும் என்பதால், வாடிக்கையாளர் கேட்டபடி செய்து டப்பாவில் வைத்துக் கொடுப்பது கொஞ்சம் வேறு மாதிரி. ஆனாலும் டப்பாவின் மேல் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவது நல்லது என்பதுதான் என் கருத்து. செய்த தேதி, எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், குளிர்பெட்டியில் வைக்க வேண்டுமா, முட்டை உண்டா, பருப்பு உண்டா, உங்கள் பதிவு எண். ஆறு வரிதான். பிரச்சினை என்று வந்தால் உங்களைக் காப்பாற்றப் போவதும் அந்தச் சீட்டுதான்.

லேபிள் தவறாக இருந்தால் 3 லட்சம் ரூபாய் வரையும், விளம்பரத்தில் பொய் சொன்னால் 10 லட்சம் வரையும் அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் பதிவும் விளம்பரம்தான். மார்ஜரின் போட்டுச் செய்ததைப் பட்டர் கேக் என்று சொல்வது, தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீமைப் பால் கிரீம் என்று சொல்வது, கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த சாக்லேட் காம்பவுண்டை ஒரிஜினல் சாக்லேட் என்று சொல்வது எல்லாம் இதற்குள் வந்துவிடும். சுகர் ஃப்ரீ என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பேரீச்சம்பழம் போட்ட கேக்கை அப்படிச் சொல்லி விற்கவே முடியாது. சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று எழுதுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும், நம்பிச் சாப்பிடும் ஒரு பெரியவரின் உடம்போடு விளையாடுகிறோம் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

என்ன போட்டுச் செய்கிறோம் என்பதிலும் சில தடைகள் உண்டு. பொட்டாசியம் புரோமேட் கலந்த பிரெட் இம்ப்ரூவரை 2016இலேயே தடை செய்துவிட்டார்கள், பழைய சரக்கு என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, டால்டா, மார்ஜரின் பாக்கெட்டில் இந்தச் சதவீதத்தைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். நிறமிகளில் அனுமதிக்கப்பட்டவை கொஞ்சம்தான், அவற்றுக்கும் அளவு உண்டு. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச் சாயம் இருந்ததால் தமிழ்நாடு அரசு அதன் விற்பனையையே தடை செய்தது நினைவிருக்கும். கேக் மேலே தூவும் மினுமினுப்புத் தூளில் உண்ணத் தகுந்தது என்று அச்சிட்டு, சேர்மானமும் உரிம எண்ணும் இருந்தால் மட்டுமே தொடுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை வந்தது, கிருமி பரவும் ஆபத்துதான் காரணம். முட்டையை வேக வைக்காமல் கலக்கும் மூஸ், ஐசிங் செய்முறைகளுக்கும் அதே ஆபத்து உண்டு.

கிறிஸ்துமஸ் நேரத்தில் பிளம் கேக்கோடு வீட்டு வைனும் கிடைக்கும் என்று விளம்பரம் போடுபவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், உணவுப் பதிவு அதற்கு உதவாது. பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறப் போட்டாலும் பிளம் கேக் அருமையாகவே வரும்.

கேக்கோடு கொடுக்கும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கத்தி 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. ஸ்பூன், ஃபோர்க், கேக் பாப்பில் குத்தும் பிளாஸ்டிக் குச்சி, இனிப்பு டப்பாவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் எல்லாமே அதே பட்டியலில் வருகின்றன. மரக் கத்தி வாங்குங்கள். ரஸ்க், பிஸ்கட்டைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதும் கூடாது, அச்சு மை உணவில் ஒட்டும்.

வரிக்கு வருவோம். தமிழ்நாட்டுக்குள் பொருட்கள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு, பெரும்பாலான வீட்டு பேக்கர்களுக்கு இது தொலைவில் இருக்கும் எண். ஆனால் மாநில எல்லையைத் தாண்டிப் பொருளை விற்றால் அந்த வரம்பு பொருந்தாது. ஓசூரில் பிரவுனி செய்து பெங்களூருக்கு அனுப்பினால், நாலு டப்பாவாக இருந்தாலும், பதிவு வேண்டும். பன்னுக்கு வரி இல்லை, உள்ளே வைக்கும் கிரீமுக்கு 18 சதவீதம் என்று 2024 செப்டம்பரில் கோவையில் ஓட்டல்காரர் ஒருவர் நிதியமைச்சரிடம் கேட்ட கேள்வி ஊரெல்லாம் பேசப்பட்டது. அதற்கு ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல், கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் வரி 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நீங்கள் பதிவு செய்யாதவராக இருந்தால் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூடச் சேர்த்து வாங்கக் கூடாது.

வீட்டு கேஸ் சிலிண்டரை விற்பனைக்குச் சமைக்கப் பயன்படுத்தக் கூடாது, அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான். மின்சார ஓடிஜி அடுப்பில் மட்டும் வேலை முடிகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடமும், அடுக்குமாடி என்றால் சங்கத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தினமும் டெலிவரிப் பையன்கள் வந்து போகத் தொடங்கிய பிறகு சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கடைசியாக, உணவு பாதுகாப்பு அலுவலர் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. வந்து பார்க்கவும் மாதிரி எடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். மாதிரி எடுத்தால் அதற்கான விலையை அவர் கொடுக்க வேண்டும், அதை நான்கு பாகமாகப் பிரித்து உங்கள் முன்னாலேயே முத்திரை வைக்க வேண்டும். ஆய்வக அறிக்கை உங்களுக்குப் பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் உணவு பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். சமையலறையில் அவர் பார்ப்பது குடிக்கத் தகுந்த தண்ணீரா, ஈ எலி வராமல் அடைத்திருக்கிறதா, குப்பைக் கூடைக்கு மூடி உண்டா, செய்பவர் நகம் வெட்டி, தலையை மூடி, கையில் புண் இல்லாமல் இருக்கிறாரா என்பது போன்ற விஷயங்களைத்தான். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாளில் ஆர்டரை மறுத்துவிடுங்கள், முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காலாவதியான கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்று அலமாரியின் மூலையில் கிடந்தால், அது வீட்டுக்கு வைத்தது என்று சொல்லி நிரூபிப்பது கஷ்டம், அதனால் விற்பனைக்கான சாமான்களுக்குத் தனி அலமாரி ஒதுக்கி, வாங்கிய பில்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.